'கண்ட்ரோல் குரூப்': கட்டுப்பாட்டுக் குழுவா, ஒப்புநோக்குக் குழுவா?

அன்புடையீர், வணக்கம்.

அறிவியல் முறை பற்றிய சொற்பட்டியலில் 'கண்ட்ரோல்' என்பதற்கு நேரே 'கட்டுப்பாடு' என்று எழுதி முடித்துவிடலாம் என இந்த இழையில் பலரும் கருத்துத் தெரிவித்திருக்கிறீர்கள். பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல், மாணவர்களுக்குப் பழகிய சொல் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். புழங்கும் சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது என்பதே என் நிலைப்பாடும். ஆனால் இந்தச் சொல் சோதனையின் அமைப்பையே தவறாகப் புரிந்துகொள்ள வைக்கிறது என்பதால், இதை அப்படியே ஏற்க மனம் ஒப்பவில்லை.

தமிழில் கட்டுப்பாடு என்றால் அடக்கி வைப்பது, வரம்புக்குள் நிறுத்துவது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கட்டுப்பாட்டு அறை, உணவுக் கட்டுப்பாடு என எங்கே பார்த்தாலும் இந்தப் பொருள்தான். ஆகவே 'கட்டுப்பாட்டுக் குழு' என்று படிக்கிறவர் மனத்தில் இரண்டில் ஒன்றுதான் எழும்: விதி வகுத்து மேற்பார்வையிடும் கமிட்டி, அல்லது கட்டுக்காவலில் வைக்கப்பட்ட ஆட்கள். சோதனையிலோ, மற்றக் குழுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, புதிதாக எதையும் செய்து பார்க்காமல் விட்டுவைத்திருக்கும் குழுவுக்குத்தான் இந்தப் பெயர்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அம்மையத்தின் முதல் பெரிய கேள்வி, காசநோயாளியைச் சானடோரியத்தில், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில், சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பது. நல்ல உணவு, முழு ஓய்வு, தூய காற்று ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த நோய் தீராது என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியைச் சானடோரியத்திலும் வைத்து, இரு தரப்புக்கும் ஐசோநயாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகளையே ஓராண்டுக்குக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் கூடுதலாகக் கிடைத்தும், 1959இல் வெளியான முடிவில் இரு தரப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகப் பரவியதாகவும் தெரியவில்லை. உலகக் காசநோய்ச் சிகிச்சை, படுக்கையை விட்டு வெளிநோயாளர் பிரிவுக்கு நகர்ந்ததில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் 'கண்ட்ரோல்' எந்தக் குழு? அன்றைக்கு ஏற்கப்பட்டிருந்த முறை சானடோரியம். புதிதாகச் சோதிக்கப்பட்டது வீட்டுச் சிகிச்சை. எனவே சானடோரியக் குழுதான் 'கண்ட்ரோல்'. இதைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று ஒரு மாணவருக்குச் சொல்லிப் பாருங்கள். "ஆமாம், அவர்களை வெளியே விடாமல் படுக்கையிலேயே கிடத்திக் கட்டுப்பாடாக வைத்திருந்தார்கள், அதனால் அந்தப் பெயர்" என்று தலையாட்டுவார். விடை சரி, காரணம் முழுத் தவறு. தவறான சொல், தவறு வெளியே தெரியாதபடி மறைத்துக்கொள்ளும் இடம் இதுதான். அதே மாணவர் அடுத்த சோதனையில், மருந்துப்போலி (மருந்து போலத் தோன்றும், மருந்தில்லாத மாத்திரை) கொடுக்கப்பட்டு வீட்டில் சும்மா இருக்கும் குழுவைப் பார்த்துத் திகைப்பார்.

இன்னொரு சிக்கல், ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்வது. 1668இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி செய்த இறைச்சிச் சோதனையை எடுத்துக்கொண்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகத் தோன்றுகிறதா, ஈ இடும் முட்டையிலிருந்து வருகிறதா என்பது கேள்வி. சில சாடிகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடி வைத்தார். மூடிய சாடிகளில் புழு இல்லை. ஆனால் மூடியதால் ஈ மட்டுமா நின்றது, காற்றும் அல்லவா நின்றுவிட்டது? புழு வராததற்குக் காற்றின்மையும் காரணமாக இருக்கலாம் என்று யாரும் மறுக்கலாமே. அதனால் காற்று போய் வரும்படி மெல்லிய வலைத்துணியால் வாயைக் கட்டி மறுபடியும் பார்த்தார். அப்போதும் இறைச்சியில் புழு வரவில்லை. இங்கே, துணி கட்டாமல் திறந்து வைத்த சாடி ஒரு 'கண்ட்ரோல்'; காற்றை எல்லாச் சாடிகளுக்கும் ஒன்றுபோல் இருக்கச் செய்தது இன்னொரு 'கண்ட்ரோல்'. முன்னது பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கான பொருள். பின்னது ஒரு காரணியை மாறவிடாமல் பிடித்து நிறுத்தும் செயல். 'கட்டுப்பாடு' என்ற சொல் பின்னதற்கு ஓரளவு பொருந்துகிறது, முன்னதற்குப் பொருந்தவே இல்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறது என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேரும் நம் பக்கமே நிற்கிறது. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ரா ரோட்டுலஸ்' என்பது கணக்குச் சுருளுக்கு எதிராக வைத்துச் சரிபார்க்கும் நகல் சுருள். அதிலிருந்து வந்ததுதான் 'கண்ட்ரோல்'. அடக்குதல் என்ற பொருள் பின்னால் ஏறியது. பிரெஞ்சில் இன்றும் 'கோந்த்ரோல்' என்றால் முதலில் சரிபார்ப்புதான். ரயிலில் பயணச்சீட்டைப் பார்ப்பவரையும் அந்த வேர்ச்சொல்லால்தான் அழைக்கிறார்கள். சோதனைக் குழுவுக்கோ பிரெஞ்சுக்காரர்கள் அதையும் விட்டுவிட்டு, சாட்சி என்று பொருள்படும் 'தெமுவான்' என்ற சொல்லை ஆள்கிறார்கள். புதுச்சேரி நண்பர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இனி, முன் மடல்களில் வந்த மாற்றுகள். 'சாட்சிக் குழு' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தமிழில் சாட்சி என்றதும் நீதிமன்றக் கூண்டு வந்துவிடுகிறது. 'சான்றுக் குழு' என்றால் சான்றிதழ் வழங்கும் குழுவோ என்று தோன்றும். 'ஒப்புக் குழு' சுருக்கமானது. ஆனால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சொல்லிப் பழகிய நாக்கு, அதைக் கணக்கில் சேராத, பெயருக்கு நிற்கும் குழு என்றே எடுத்துக்கொள்ளும். சோதனையின் முடிவே எந்தக் குழுவைச் சார்ந்து நிற்கிறதோ, அதை ஒப்புக்கு நிற்பதாக்குவது கொடுமை.

'ஒப்பீட்டுக் குழு' என்பதற்குத்தான் ஆதரவு அதிகம். அது தவறான சொல் அல்ல. ஆனால் அகலமான சொல். இந்த ஆண்டு நோயாளிகளைச் சென்ற ஆண்டுப் பதிவேட்டோடு வைத்துப் பார்ப்பதும் ஒப்பீடு, மதுரை மருத்துவமனையைக் கோவை மருத்துவமனையோடு வைத்துப் பார்ப்பதும் ஒப்பீடு. இவற்றில் எதுவும் கறாரான பொருளில் 'கண்ட்ரோல்' ஆகாது, ஏனெனில் வேறுபடுவது ஒன்று மட்டுமல்ல. சென்னைச் சோதனையில் இரு தரப்பையும் ஒரே காலத்தில், ஒரே வகை நோயாளிகளிலிருந்து, ஒரே மருந்தோடு தொடங்கினார்கள். அந்த வேண்டுமென்றே செய்த ஒருமைப்பாட்டைக் குறிக்க இன்னும் கூர்மையான சொல் வேண்டும்.

என் பரிந்துரை 'ஒப்புநோக்கு'. ஆவண நகல் எடுக்கும் இடங்களிலும் அச்சகங்களிலும் பழகிய சொல் இது. மூலத்தையும் படியையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் வரிவரியாகச் சரிபார்ப்பது ஒப்புநோக்குதல். படி மூலத்தைப் போலவே இருந்தாக வேண்டும், வேறுபாடு தெரிந்தால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனின் நகல் சுருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் கலைச்சொல் நிற்குமா என்று தெரியும்: "வலைத்துணி கட்டாத சாடியை ஒப்புநோக்காக வைத்தார்." "உரமிடாத பாத்தி ஒன்றை ஒப்புநோக்குக்காக ஒதுக்குக." "ஒப்புநோக்குக் குழுவுக்கு மருந்துப்போலி கொடுக்கப்பட்டது." "மாதிரிக்குப் பதில் வெறும் நீர் இட்ட ஒப்புநோக்குக் குழாயிலும் விளைவு தெரிந்தால், முழுச் சோதனையும் செல்லாது." இந்தக் கடைசி வாக்கியத்தில் உள்ளதை ஆய்வகங்களில் 'நெகட்டிவ் கண்ட்ரோல்' என்பார்கள், அதை விளைவிலா ஒப்புநோக்கு என்றும், விளைவு கட்டாயம் தெரிய வேண்டிய 'பாசிட்டிவ் கண்ட்ரோலை' விளைவுறு ஒப்புநோக்கு என்றும் சொல்லலாம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் மருத்துவச் சோதனை 'சமவாய்ப்பு ஒப்புநோக்குச் சோதனை' ஆகும். இலங்கை நண்பர்கள் சோதனைக்குப் பதில் பரிசோதனை என்று எழுதினாலும் எதுவும் கெடாது.

சொல் நீளமாக இருக்கிறது என்ற மறுப்பு வரும். கட்டுப்பாட்டை எண்ணிப் பார்த்தால் எழுத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக்கும் ஒப்புநோக்குக்கும் சாதாரண வாசகர் வேறுபாடு காண மாட்டார் என்பது அதைவிட வலுவான மறுப்பு. அதற்கு, முதல் முறை ஆளும்போது ஒரு வரி விளக்கம் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வரையறை எந்தக் கலைச்சொல்லுக்கும் தேவைதான்.

இரண்டாவது பொருளுக்கு, அதாவது மாறவிடாமல் வைத்த காரணிகளுக்கு, 'நிலைநிறுத்திய மாறி' என்று எழுதலாம் என நினைக்கிறேன். சாரா மாறி (சோதனையில் நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (அதனால் மாறுவது) ஆகிய இரண்டும் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் மூன்றாவதும் அந்த வரிசையில் இயல்பாக உட்காரும். 'கட்டுப்படுத்திய மாறி'யையே வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் வாதிட்டால், இந்த இடத்தில் மட்டும் பெரிதாக மறுக்க மாட்டேன். புள்ளியியல் பாடம் நடத்துகிறவர்கள் இதைப் பற்றி எழுதினால், பட்டியலில் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகச் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.