இடது ஹெட்லைட்டில் டிம் மட்டும் எரியவில்லை: நாலு மாதத்தில் ரெண்டாவது பல்பு

ராத்திரிப்_பயணி:

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். எச்4 பல்பு, 12 வோல்ட் 60/55 வாட். இடது பக்கம் டிம் எரியவில்லை, பிரைட் எரிகிறது. வலது பக்கம் ரெண்டும் சரி. நாலு மாதம் முன்னாடிதான் இதே பக்கம் பல்பு மாற்றியது. பல்புதானா, இல்லை வயரிங்கில் கோளாறா? வீட்டிலேயே மாற்றலாமா? கடையில் 100/90 போடச் சொல்கிறார்கள், இன்னொருவர் எல்இடி போட்டால் பிரச்சினையே வராது என்கிறார். எதை நம்புவது?

வயர்மேன்:

பெரும்பாலும் பல்புதான். எச்4-க்குள் ரெண்டு இழை இருக்கிறது. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். எர்த் ரெண்டுக்கும் பொது. பிரைட் எரிகிறது என்றால் அந்தப் பொதுக் கால் வேலை செய்கிறது. வலது பக்கம் டிம் எரிவதால் ஸ்விட்சும் நல்லாத்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கழற்றிய பல்பை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். நல்ல இழை குளிர்ந்த நிலையில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். அறுந்தது ஒன்றும் காட்டாது.

ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டிம் போயிருந்தால் கதை வேறு. அப்போது பல்பைத் தொடாமல் முதலில் ஃபியூஸ், ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ஸ்விட்ச்), ஸ்டீயரிங் பக்க டிம்மர் ஸ்விட்ச் மூன்றையும் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே மாற்றலாம். ஸ்பேனரே தேவைப்படாத வண்டிகள்தான் அதிகம். பேட்டரி இருக்கும் பக்கம் மட்டும் கை நுழையாது; அங்கே பேட்டரியையோ ஏர் ஃபில்டர் குழாயையோ கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். லைட்டை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் ஆற விடுங்கள். பின்னால் பல்பில் வயரைச் செருகும் மூணு கால் கப்ளர் தெரியும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கப்ளரின் உடம்பைப் பிடித்து மேலும் கீழும் லேசாக அசைத்தபடி நேராக உருவுங்கள். அடுத்து ரப்பர் தொப்பி. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். உள்ளே கம்பி கிளிப். அதன் முனையை உள்பக்கமாக அழுத்தி, ஓரமாக நகர்த்தினால் கொக்கியை விட்டு வெளியே வரும். பல்பு இப்போது கையோடு வந்துவிடும்.

புது பல்பை அடிப்பக்க உலோகத் தட்டில் மட்டும் பிடியுங்கள். அந்தத் தட்டில் மூன்று காது இருக்கும், ஒன்று மட்டும் அகலம். அகலமானது மேலே வரும்படி வைத்தால்தான் தட்டு ஹெட்லைட்டோடு ஒட்டி உட்காரும். உட்கார்ந்த பல்பு கையால் திருப்பினாலும் திரும்பக் கூடாது. கிளிப்பை மாட்டி, தொப்பியைப் போட்டு, கப்ளரைக் குத்தி, டிம், பிரைட் ரெண்டையும் போட்டுப் பாருங்கள். முதல் தடவை செய்பவருக்குக் கால் மணி நேரம் ஆகும்.

தொப்பி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதில் மேல்பக்கம் எது என்று அடையாளம் இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டால் தண்ணீர் வடியும் வழி மேலே போய்விடும். நடுத்துளையின் உதடு பல்பின் மூன்று கால்களைச் சுற்றி முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும். விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கியர்_கோவை:

மாற்றுவதெல்லாம் சரி. நாலு மாதத்தில் ஏன் போச்சு என்று பார்க்காவிட்டால் அடுத்த நாலு மாதத்தில் திரும்ப இதே கேள்வி வரும். பழைய பல்பைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலேயே காரணம் எழுதியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கண்ணாடியில் ஒரே ஒரு இடத்தில் பால் போல வெளுத்து, சில சமயம் கொப்புளம் போல உப்பியும் இருந்தால், யாரோ விரல் வைத்திருக்கிறார்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடி குவார்ட்ஸ், எரியும்போது பல நூறு டிகிரி போகும். வியர்வையில் உள்ள உப்பு அந்தச் சூட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்து அந்த இடத்தைப் பலவீனப்படுத்திவிடும். போடும்போது தெரியாமல் கை பட்டுவிட்டால், ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எரிய விடுங்கள்.

உள்ளே மாவு பூசியதுபோல் வெள்ளையோ மஞ்சளோ படிந்திருந்தால் கண்ணாடி எங்கோ விரிசல் விட்டுக் காற்று நுழைந்திருக்கிறது. சூடான கண்ணாடி மேல் தண்ணீர் தெளித்தாலும் இப்படி ஆகும். தொப்பி சரியில்லாமல் மழைத் தண்ணீர் உள்ளே போகும் வண்டிகளில் பார்க்கலாம்.

கருமையாகக் கண்ணாடி போல் மின்னுகிறது, இழை முனைகள் உருகி உருண்டிருக்கிறது என்றால் பல்பு எரிந்து தீர்ந்திருக்கிறது. நாலு மாதத்தில் அப்படித் தீர்ந்தால் வோல்டேஜ் அதிகம், இல்லை பல்பே டூப்ளிகேட். கண்ணாடி பளிச்சென்று இருந்து, இழை மட்டும் கூர்மையாக முறிந்து தொங்கினால் அதிர்வு. (பல்பு மூக்கில் இருக்கும் கறுப்புப் பூச்சு கம்பெனியிலேயே போட்டது, அதைப் பார்த்துக் கருகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.)

ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் டைனமோ மேல் பழி போட வேண்டாம். ரெண்டு பல்புக்கும் வருவது ஒரே டைனமோ கரன்ட். ஆனாலும் மீட்டர் கையில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை: இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் கவலை இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கணும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

டிப்பர்:

100/90 பக்கமே போகாதீங்க ப்ரோ. கணக்குப் போட்டுப் பாருங்க. 55 வாட் இழை 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் இழுக்கும், 90 வாட் 7.5 ஆம்பியர். கப்ளரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது ரெண்டரை மடங்குக்கு மேல. வண்டியோட ஒரிஜினல் வயரும் ஸ்விட்சும் அதுக்காகப் போட்டதில்ல. முதல்ல கப்ளர் பழுப்பாகும், அப்புறம் உருகி பல்புக் காலோட ஒட்டிக்கும். பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரோட வெள்ளிப் பூச்சும் மங்கும். மங்கின பிறகு எந்த பல்பு போட்டாலும் வெளிச்சம் வராது, முழு ஹெட்லைட்டையே மாத்தணும். 12 வோல்ட் எச்4-ன்னு அங்கீகாரம் இருக்கிறதே 60/55-க்குத்தான்; வட்டத்துக்குள்ள ஆங்கில E எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கிற முத்திரை 100/90-ல உண்மையா இருக்கவே முடியாது.

எல்இடி விஷயம் இன்னும் நுணுக்கம். எச்4-ல டிம் இழைக்கு அடியில ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், பழைய பல்பைப் பார்த்தா தெரியும். டிம் வெளிச்சம் கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டருக்குப் போகாம அதுதான் தடுக்குது. மேல்பாதியில பட்டது ரோட்டுப் பக்கம் கீழே இறங்குது. எதிரே வர்றவன் கண்ணு தப்பிக்கிறது அந்தக் கிண்ணத்தாலதான். எல்இடியில சிப் உட்கார்ற இடம் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் டிம் வெளிச்சம் மேலே முடியுற கோடு கலைஞ்சிடும். நமக்கு முன்னாடி பத்தடி பளிச்சுன்னு தெரியும், தூரத்துல ஒண்ணும் தெரியாது, எதிரே வர்றவன் திட்டிக்கிட்டே போவான்.

வெளிச்சம் கூடணும்னா 60/55-லயே கூடுதல் வெளிச்சம் தர்ற பல்பு கிடைக்கும். அதுக்கு ஆயுள் குறைவு, தெரிஞ்சே வாங்குங்க. நீலம் பூசினதை வாங்காதீங்க; அந்தப் பூச்சு வெளிச்சத்தைத் தின்னுடும், மழையில சுத்தமா உதவாது.

ராத்திரிப்_பயணி:

நன்றி. கழற்றிப் பார்த்துவிட்டேன். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, கறையோ கொப்புளமோ இல்லை. டிம் இழை ஒரு முனையில் முறிந்து, தட்டினால் ஆடுகிறது. கம்பி கிளிப்பின் ரெண்டு கால்களில் ஒன்றுதான் கொக்கியில் இருந்தது, மற்றது தட்டின் மேல் சும்மா கிடந்தது. கப்ளரில் ஒரு துளையைச் சுற்றி லேசாகப் பழுப்பு. கப்ளரையும் மாற்ற வேண்டுமா?

கியர்_கோவை:

குற்றவாளி கிடைத்துவிட்டது. ஒரு கால் மட்டும் மாட்டியிருந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்பு உள்ளே தனியாக ஆடும். எரியும் இழை மெத்தென்று இருக்கும், அந்த ஆட்டத்தைத் தாங்காது. கிளிப் வளைந்திருந்தால் மூக்கு பிளையரால் நிமிர்த்தி, ரெண்டு காலும் கொக்கியில் விழும் சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடமாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் தடவி உறுதி செய்வதில்தான் போன தடவை ஏமாந்திருக்கிறார்கள்.

வயர்மேன்:

கப்ளர் லேசான பழுப்பு என்றால் உடனே மாற்ற வேண்டாம், ஆனால் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பல்புக் கால் இறுக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் தளர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் நொறுங்கினாலோ, பித்தளை நிறம் மாறியிருந்தாலோ செராமிக் கப்ளர் வாங்கிப் போடுங்கள். வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வயரை நுழைத்து நசுக்கி), சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள்.

எர்த்தையும் சோதியுங்கள். லைட் எரியும்போது மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று கப்ளரின் பின்பக்கமாக எர்த் காலில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, அரை வோல்ட் காட்டினால் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து இறுக்கணும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஜப்பானிய டிசைன் வண்டிகள் பலவற்றில் பொதுக் கால் பாசிட்டிவ், ஸ்விட்ச் வேலை செய்வது எர்த் பக்கம். அங்கே இந்தச் சோதனையில் 12 வோல்ட் காட்டும், பயந்துவிடாதீர்கள். ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக கரன்ட் கொடுக்க கடையில் விற்கும் சாதாரண ரிலே வயரிங் கிட்டும் அப்படிப்பட்ட வண்டியில் சரியாக ஓடாது.

நெடுஞ்சாலை_45:

பல்பு போட்ட கையோடு ஒளிக்கோட்டையும் (டிம் வெளிச்சம் மேலே முடியும் கோடு) பார்த்துவிடுங்கள் சார். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, டயர் காற்று சரி பார்த்து, ஓட்டுநர் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, வண்டிக்குள்ளே ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் லெவல் திருகி இருந்தால் 0-வில் வைத்து டிம் போடுங்கள். ஹெட்லைட் மேலோ பானெட்டுக்கு அடியிலோ 1 சதவீதம் என்று குறிப்பு இருந்தால், ஹெட்லைட் நடுவின் உயரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே கோடு விழ வேண்டும். நம் ஊர் ஹெட்லைட்டில் கோடு இடது பக்கம் சாய்ந்து மேலே ஏறும், அது கோளாறல்ல.

வலதும் இடதும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் உடனே ஹெட்லைட்டின் பின்னால் உயரத்தைச் சரிசெய்யும் திருகைத் திருப்பாதீர்கள். முதலில் பல்பை எடுத்துத் திரும்ப வையுங்கள். கிளிப் போன தடவை பாதி மாட்டியிருந்ததால், அந்தக் கோணல் பல்புக்கு ஏற்றபடி யாராவது திருகை மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. பல்பு நேராக உட்கார்ந்தது உறுதியான பிறகும் கோடு வேறுபட்டால் மட்டும் திருகு, அதுவும் அரைச் சுற்று திருப்பிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று.