குரோமை விட்டுப் போகலாமா? வேகம், தோற்றம், நம் இஷ்டம்: எது முக்கியம்?

ஈசூன்வாசி:
வீட்டு மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம். செய்தி, யூடியூப், மகனின் பாடத்தளம், வங்கி எல்லாம் அதில்தான். இதுவரை குரோம்தான் ஓடியது. கூகுள் பழைய வகை நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) 2024-லிருந்து படிப்படியாக நிறுத்தியதில், விளம்பரங்களைத் தடுத்துவந்த என் யூபிளாக் ஒரிஜினும் போய்விட்டது. வேறு பிரவுசர் என்றால் ஃபயர்ஃபாக்ஸா, விவால்டியா என்று யோசனை. "மெதுவாக இருந்தால் நான் தொடவே மாட்டேன்" என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டார். மாறியவர்களும், மாறிவிட்டுத் திரும்பி வந்தவர்களும் சொல்லுங்கள்.

செங்காங்_சிங்கம்:
வேண்டாம் அண்ணே. பிரவுசர் எதற்கு? பக்கத்தைத் திறக்க. திறந்த பிறகு அது கண்ணிலேயே படக்கூடாது. குரோம் அப்படித்தான் இருக்கிறது. யூபிளாக் போனதற்கு இவ்வளவு துக்கமா? அதை எழுதியவரே லைட் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார், போட்டுக்கொண்டு போங்கள். பழைய முறையில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சி நடுவில் நிறுத்திப் பார்த்தது, வங்கிப் பக்கம் உட்பட. இப்போது எதைத் தடுக்கவேண்டும் என்ற விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். தடுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு இதுதான் நல்லது.

பிடோக்_புயல்:
பாதுகாப்பா? புதிய முறையிலும் அனுமதி வாங்கிய நீட்சி உங்கள் கோரிக்கைகளைப் பார்க்கலாம். அந்த வழியை மூடவில்லை. சாதாரண நீட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டது, அந்தக் கணத்தில் முடிவெடுத்துத் தடுக்கும் உரிமையை மட்டும்தான். உளவு பார்க்க நினைப்பவனுக்கு ஒரு குறையும் இல்லை, விளம்பரத்தைத் தடுக்க நினைப்பவனுக்குத்தான் கை கட்டு. இதைச் செய்தது விளம்பரத்தில் பிழைக்கிற கம்பெனி என்பதையும் மறக்கவேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு முறையும் இருக்கிறது. முழு யூபிளாக் அப்படியே ஓடுகிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும்கூட.

செங்காங்_சிங்கம்:
ஃபயர்ஃபாக்ஸ் என்ன பெரிய யோக்கியமா? 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்தபோது பழைய நீட்சிகளை ஒரே நாளில் கழற்றி எறிந்தது அதுதான். தாவல்பட்டையை (டேப் வரிசை) இஷ்டப்படி மாற்ற உதவிய கோப்பையும் 2019-ல் இயல்பாக அணைத்து வைத்தார்கள். மறுபடி வேண்டுமென்றால் அபவுட்:கன்ஃபிக் என்ற மறைவான அமைப்புப் பக்கத்துக்குள் போய்ச் சாவி தேட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி யார் கொடுப்பது? தேடுபொறி ஒப்பந்தத்துக்காகக் கூகுள்.

பிடோக்_புயல்:
57-இல் கழற்றியது வேகத்துக்காக. குவாண்டம் என்ற பெயரில் அந்தப் பதிப்பு வந்த பிறகுதான் ஃபயர்ஃபாக்ஸ் மூச்சுவிட ஆரம்பித்தது. பணம் கூகுளிடமிருந்து வருவது உண்மைதான், மறுக்கவில்லை. வந்தும் யூபிளாக்கை விட்டு வைத்திருக்கிறார்களே, அதைப் பாருங்கள்.

பொங்கோல்_பொறியாளர்:
இருவரும் வேகம் என்று பேசுவது வெவ்வேறு விஷயம். கேட்டவருக்கு 8 ஜிபி, அதை மறந்துவிட்டீர்கள்.

இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் இணையம் வந்தாயிற்று. பக்கம் வந்து சேருவது பிரச்சினை இல்லை. வந்து சேர்ந்த ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தோடு வரும் நிரலை, மென்று முடிப்பதில்தான் நேரம் போகிறது. அதை அளக்க ஸ்பீடோமீட்டர் 3 என்ற சோதனை இருக்கிறது. ஆப்பிள், கூகுள், மோசில்லா, மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்டது. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் வரிகளைச் சேர்க்கும், முடிந்ததாகக் குறிக்கும், அழிக்கும். இப்படிப் பல வேலைகளை ஓட்டி எண்ணைக் கொடுக்கும். உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். எந்த எண் பெரிதாக வந்தாலும் செய்தி படிக்கும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியாது.

கையில் தெரிவது இரண்டு. ஒன்று, விளம்பரத்தைத் தடுத்தால் மென்று முடிக்க வேண்டிய குப்பையே நிறையக் குறைகிறது. வேகம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தடுப்பானை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு, நினைவகம். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் தூங்கும் தாவல்கள், ஃபயர்ஃபாக்ஸிலும் நினைவகம் பற்றாமல் போனால் பழைய தாவல்களை இறக்கிவைக்கும் வசதி. எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். நாற்பது தாவல் திறந்து வைப்பவரை எந்த பிரவுசராலும் காப்பாற்ற முடியாது.

தெம்பனிஸ்_அணில்:
விவால்டியை யாரும் தொடவில்லையே! காப்பிக்கடையில் நின்று ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாமல்), காவ் (கெட்டியாக), பெங் (ஐஸ் போட்டு) என்று நாக்குக்கு ஏற்றபடி சொல்லி வாங்குகிற ஊர் இது. பிரவுசர் என்றால் மட்டும் கொடுத்ததைக் குடிக்க வேண்டுமா?

தாவல்களை இடப்பக்கம், கீழே, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். இரண்டு பக்கங்களை ஒரே சன்னலில் பக்கம்பக்கமாகப் போட்டு ஒப்பிடலாம். மவுஸை இழுத்தால் முந்தைய பக்கம். குறிப்பேடு, மின்னஞ்சல்கூட உள்ளேயே உண்டு. ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வான் டெட்ஸ்னர் ஆரம்பித்தது இது. முதல் பதிப்பு 2016-ல். பழைய ஓபரா 2013-ல் பக்கத்தைக் காட்டும் தன் சொந்த எந்திரத்தைக் கைவிட்டபோது ஏங்கியவர்களுக்கு இதுதான் வீடு.

பொங்கோல்_பொறியாளர்:
வீடு சரி, அஸ்திவாரம் குரோமியம், குரோமுக்கும் அடிப்படையான அதே நிரல். நீட்சி விஷயத்தில் கூகுள் எடுத்த முடிவு அங்கேயும் வந்து சேரும். விவால்டியிலேயே ஒரு தடுப்பான் இருக்கிறது, யூபிளாக் அளவுக்கு இல்லை. அதன் முகப்பே வலைப்பக்கம் போல எழுதப்பட்டது. அதனால்தான் இவ்வளவு வளைகிறது. பழைய கணினியில் புதுச் சன்னல் திறக்கும்போது கொஞ்சம் இழுக்கும்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
தம்பிகளா, வேகம் வேகம் என்று அடித்துக்கொள்கிறீர்கள். தமிழ் எப்படித் தெரிகிறது என்று ஒருவராவது பேசினீர்களா?

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பல தளங்களில் தமிழ் எழுத்து பொடிப்பொடியாக வருகிறது. மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்கே தெரிவதில்லை, 'க்' எது 'க' எது என்று ஊகித்துப் படிக்க வேண்டும். பக்கத்தைப் பெரிதாக்கினால் ஆங்கிலமும் படங்களும் சேர்ந்து ஊதிவிடும், வரி முடிவதற்குள் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், ஃபாண்ட்ஸ், அட்வான்ஸ்ட் என்று போங்கள். மேலே மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழுக்கு மட்டும் தனி எழுத்துரு, தனி அளவு, இதைவிடச் சிறிதாகாதே என்று குறைந்தபட்ச அளவு எல்லாம் வைக்கலாம். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டிருக்கிறேன். அதே பெட்டியில், பக்கங்கள் தங்கள் எழுத்துருவைத் தாங்களே தேர்வு செய்ய அனுமதிக்கும் குறியை எடுத்துவிட்டால் எல்லாத் தளமும் உங்கள் எழுத்துருவில் வரும். சில தளங்களில் தேடல் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது ஆங்கிலச் சொல் வந்து நிற்கும், நின்றுவிட்டுப் போகட்டும். குரோம் அமைப்பிலும் எழுத்துரு மாற்றலாம், ஆனால் தமிழுக்கென்று தனி இடம் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

செங்காங்_சிங்கம்:
அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இத்தனை பெட்டிக்குள் யார் போவார்கள்?

உட்லண்ட்ஸ்_அக்கா:
நான் போனேனே.

கிளமெண்டி_கிட்டு:
ஒரு சின்ன தகவல். கைப்பேசி ஐஃபோனாக இருந்தால் இந்தச் சண்டையே வீண். இங்கே அதில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எந்திரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் தளர்த்தினார்கள், நமக்கு இல்லை. அரசாங்கச் சேவைகளுக்கு நுழையும் சிங்பாஸுக்கும் கவலை வேண்டாம், திரையில் வரும் கியூஆரைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்துதானே நுழைகிறோம்.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஃபயர்ஃபாக்ஸ் போட்டாயிற்று. புத்தகக்குறி, கடவுச்சொல் எல்லாம் குரோமிலிருந்து தானே இழுத்துக்கொண்டது. யூபிளாக்கோடு செய்தித் தளத்தைத் திறந்து காட்டினேன். "எப்போது புதுக் கணினி வாங்கினாய்" என்று மனைவி கேட்டார், ஆகவே வேகப் பிரச்சினை முடிந்தது. அக்கா சொன்ன பெட்டியில் அப்பாவுக்காகத் தமிழை 20-ல் வைத்திருக்கிறேன். விவால்டி ஆசை இன்னும் போகவில்லை அணில், அடுத்த கணினியில் பார்ப்போம். ஒரு வங்கித் தளம் மட்டும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அடம்பிடிக்கிறது, அதற்காகக் குரோமை அழிக்கவில்லை.

செங்காங்_சிங்கம்:
பணம் என்று வரும்போது குரோம்தானே அண்ணே? அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பிடோக்_புயல்:
வங்கி ஒழுங்காகத் தளம் எழுதாததற்குக் குரோமுக்கு மெடலா? நல்லா இருக்குலா.