தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரில்: எங்கள் வீட்டுக் குழுவில் பேசியது

சித்தப்பா: மாப்பிள்ளை, சிங்கப்பூருக்கு உங்கள் வீட்டுக்கு வர டிக்கெட் இன்னும் போடவில்லை. எந்த வாரம் வந்தால் நல்லது என்று சொன்னால் போட்டுவிடலாம். மூன்று கோபுரத்துக்கு மேலே கப்பலைத் தூக்கி வைத்தாற்போல ஒரு கட்டடம் இருக்கிறதே, அதன் உச்சியில் பார் இருக்கிறதாம். ஒரு மாலை அங்கே உட்கார வேண்டும்.

சித்தி: குடும்பக் குழுவில் பேசுகிற பேச்சா இது?

சித்தப்பா: ஒரே ஒரு கிளாஸ். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அத்தான்: மாமா, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். தீபாவளியன்று வந்து இறங்கினால் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். இங்கே கொண்டாட்டமே அதற்கு முந்தைய நாட்களில்தான். இந்தியர் வட்டாரமான லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை முழுக்க ஒளியூட்டு, கேம்பல் லேனில் கடைகள். தீமிதியும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

அம்மா: தீமிதியா? சிங்கப்பூரிலா?

அக்கா: ஆமாம்மா. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிற மாரியம்மன் கோயிலில். 1827-இல் தொடங்கிய கோயில். திரௌபதி அம்மனுக்காக நடக்கிற தீமிதி. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, பக்தர்கள் நாலு கிலோமீட்டர் போல நடந்தே வருவார்கள். தலைமைப் பூசாரி கரகத்தோடு முதலில் இறங்குவார். கோயில் இருப்பது சைனாடவுன் நடுவில். பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட், அதாவது கோபுரத் தெரு, என்று பேர் வந்ததே நம் கோபுரத்தால்தான். அந்தத் தெருவில் நின்று கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடும்.

அம்மா: அப்போ நானும் வருகிறேன்.

நான்: அம்மா, முழங்கால்?

அம்மா: அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சித்தப்பா: சரி, தீமிதி பார்ப்போம். உச்சி பார் என்ன ஆச்சு?

அக்கா: சித்தப்பா, மரினா பே சாண்ட்ஸ் 57-ஆவது மாடிதானே சொல்கிறீர்கள்? தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே இருக்கிற நீச்சல் குளத்துக்கு ஹோட்டலில் தங்குகிறவர்களை மட்டும்தான் விடுவார்கள். பார்வை மேடைக்குத் தனி டிக்கெட், ஆளுக்கு 30 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, குறையாது. கடலில் வரிசையாக நிற்கும் கப்பல்களைப் பார்க்க அது நல்ல இடம். ஆனால் நகரத்தைப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் வேறு.

சித்தப்பா: எது?

அக்கா: பின்னக்கிள் அட் டக்ஸ்டன். அது ஒரு வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்பு. ஆமாம், சாதாரண ஜனங்கள் குடியிருக்கிற அரசாங்க அடுக்குமாடி. ஏழு கட்டடங்களையும் 50-ஆவது மாடியில் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள், 500 மீட்டர் நீளம். தரைத்தளத்தில் 6 வெள்ளி கட்டிவிட்டு லிஃப்ட்டில் போக வேண்டியதுதான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, அதனால் கூட்டம் நெரிக்காது. ஒரு பக்கம் சைனாடவுனின் சிவப்பு ஓட்டுக் கூரைகள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். காற்று நன்றாக அடிக்கும். உட்காரவும் இடம் இருக்கிறது, அம்மாவுக்குக் கவலை இல்லை.

அக்கா: வருஷம் பூராவும் இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். ஆறேகால் மணிக்கே மாடிக்குப் போய்விட்டால் வெயில் சாய்வது, விளக்குகள் ஏறுவது இரண்டையும் பார்த்துவிடலாம்.

சித்தி: அங்கே பார் கிடையாதே?

அக்கா: கிடையாது சித்தி.

சித்தி: எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது.

அத்தான்: மாமா, மனம் தளர வேண்டாம். லாவ் பா சாட் என்று ஓர் உணவங்காடி இருக்கிறது. எண்கோண வடிவம், 1894-இல் கட்டியது, வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவை. சாயங்காலம் ஆனால் அதை ஒட்டிய பூன் டாட் ஸ்ட்ரீட்டில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடுரோட்டிலேயே மேஜை போட்டுவிடுவார்கள். கரியடுப்பில் சாத்தே வாட்டுவார்கள், குச்சியில் கோத்த கோழி, ஆடு, இறால். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு. பெரிய பாட்டில் பியர் ஒன்று வாங்கி நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம். சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள், நடுவில் அடுப்புப் புகை மேலே போய்க்கொண்டிருக்கும். எந்த மொட்டைமாடி பாரையும்விட எனக்கு அந்த இடம்தான்.

சித்தப்பா: ஐப்பசி ஆகிவிடும், புரட்டாசி விரதமும் முடிந்திருக்கும். பலே மாப்பிள்ளை.

நான்: மொட்டைமாடி பாரில் எவ்வளவு ஆகும் அத்தான்?

அத்தான்: ஒரு காக்டெயிலே 20 வெள்ளிக்கு மேல். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், அதைக் கவனிக்க வேண்டும். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம். ஆக, எழுதியிருப்பதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடப் போகும். இங்கே மதுவுக்கு வரியும் அதிகம்.

சித்தப்பா: வரும் வழியில் ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கிக்கொண்டால்?

அத்தான்: வாங்கலாம். ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர், அதில் விஸ்கி மாதிரி வகை 1 லிட்டர்தான். மலேசியா வழியாக வந்தால் அந்தச் சலுகை கிடையாது, அதனால் நேர் விமானமாகப் போடுங்கள். அப்புறம், இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு மணி வரைக்கும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. 2015-இலிருந்து சட்டம். லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு முழுக்கவே கூடாது. வீட்டில் உட்கார்ந்து குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சித்தி: வீட்டில் நான் கேட்பேன்.

அக்கா: சித்தி, உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். ராஃபிள்ஸ் ஹோட்டலில் லாங் பார். 1915-இல் நியாம் தோங் பூன் என்ற பார்டெண்டர் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெயிலை உருவாக்கினார் என்று அந்த ஹோட்டலில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் நாலு பேர் முன்னால் குடிப்பது வழக்கமில்லை. அதனால் பழச்சாறு போலத் தெரிய வேண்டும் என்றே இளஞ்சிவப்பாகச் செய்தாராம். விலை 30 வெள்ளியைத் தாண்டும், வரிசையிலும் நிற்க வேண்டும். ஆனால் ஒரு தடவை போகத்தான் வேண்டும். மேஜைமேல் சாக்குப்பையில் வேர்க்கடலை வைத்திருப்பார்கள். உரித்துத் தின்றுவிட்டுத் தோலைத் தரையிலேயே போடலாம், அங்கே அதுதான் வழக்கம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கிற ஊரில், நடக்க நடக்கக் காலடியில் கடலைத்தோல் நொறுங்கும். தலைக்கு மேலே விசிறிகள் வரிசையாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும்.

சித்தி: நான் கடலை மட்டும் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

அக்கா: மது சேர்க்காமல் செய்து தருவார்களா என்று கேட்டுப் பார்ப்போம் சித்தி. நீங்கள் வராமல் நாங்கள் போக மாட்டோம்.

நான்: அக்கா, விளக்குக் காட்சி ஒன்று போன வருஷம் வீடியோ அனுப்பினாயே, மரம் மரமாக?

அக்கா: கார்டன்ஸ் பை தி பே பூங்கா. இரவு 7.45-க்கு ஒன்று, 8.45-க்கு ஒன்று, காசு கிடையாது. 50 மீட்டர் வரைக்கும் உயரமான செயற்கை மரங்கள். பாட்டுக்கு ஏற்றபடி விளக்கு மாறும். பாய் ஒன்று எடுத்துக்கொண்டு போய் மல்லாக்கப் படுத்துப் பார்க்க வேண்டும். முதல் காட்சி முடிந்ததும் சாண்ட்ஸ் கட்டடம் வழியாக மறுபக்கம் நடந்தால், 9 மணிக்கு விரிகுடாவில் நீரூற்றுக் காட்சி, அதுவும் இலவசம்தான். இரண்டையும் ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம்.

அம்மா: மழை பெய்தால்?

அத்தான்: அந்த மாதங்களில் பிற்பகலில் இடி மழை வரும் அத்தை. பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் விட்டுவிடும். குடை எங்களிடம் இருக்கிறது, நீங்கள் தூக்கி வர வேண்டாம்.

அக்கா: அம்மா, ஒளியூட்டுக்கும் உங்களை ரொம்ப நடக்க வைக்க மாட்டேன். லிட்டில் இந்தியாவில் மாடிப் பேருந்து ஏறி, மேல்தளத்தில் முன் சீட்டைப் பிடித்துவிட்டால் போதும். வளைவு வளைவாக அலங்கார விளக்கு நம் முகத்துக்கு நேரே வந்து தலைக்கு மேல் கடந்து போகும். கீழே நின்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். பெருமாள் கோயில் பக்கம் இறங்கி, சாமி கும்பிட்டுவிட்டு டாக்சியில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சித்தி: கேம்பல் லேனில் என்ன வாங்கலாம்?

அக்கா: பூ, தோரணம், விளக்கு, பலகாரம், புடவை. தீபாவளிக்கு முந்தைய ராத்திரிதான் கடைகளில் களைகட்டும். அன்றைக்கு அம்மாவை அழைத்துப் போக முடியாது, நெரிசல் அதிகம். நீங்களும் நானும் போவோம்.

சித்தப்பா: முடிவாகச் சொல்கிறேன். தீமிதிக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறோம், தீபாவளி முடிந்த மறுநாள் கிளம்புகிறோம். நேர் விமானம். மாப்பிள்ளை, தீமிதித் தேதியைக் கோயிலில் கேட்டுச் சொல்லுங்கள்.

அத்தான்: நாளைக்கே கேட்டுவிடுகிறேன் மாமா.

சித்தி: நான்கு டிக்கெட் போடுங்கள், பிள்ளைகளின் அம்மாவும் வருகிறார்கள். மூன்று என்று போட்டுவிடாதீர்கள்.

அம்மா: எனக்கு ஜன்னல் பக்கம்.