காகிதத் தலைக்கவசத்துக்கு ரெசின் எதற்கு?

மடிப்புவரை:
கல்லூரி விழாக்களுக்காகப் போர்வீரன் தலைக்கவசம் செய்யும் பிள்ளைகள் இங்கே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். முப்பரிமாண உருவத்தைப் பெப்பகுரா மென்பொருளில் தட்டையான துண்டுகளாக விரித்து, 220 ஜிஎஸ்எம் தடித்த தாளில் அச்சடித்து, வெட்டி ஒட்டியாகிவிட்டது. இனி எப்படி இறுக்குவது? உடனே வரும் பதில்: வெளியே பாலியெஸ்டர் ரெசின் என்னும் இறுகும் பிசினைப் பூசு, உள்ளே பைபர் மேட் என்னும் கண்ணாடி இழை விரிப்பை ஒட்டு, மேலே கார் பட்டி பார். இந்தப் பதிலைச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

ரெசினில் மூக்கைத் துளைக்கும் நாற்றம் ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருளுடையது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டு அறை வாடகை வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் பிள்ளைகள் இதைப் பூசுகிறார்கள். பூசியதையோ, மூக்கும் வாயும் உள்ளே அடங்கும்படி தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். அரைகுறையாக இறுகிய ரெசின் நாள்கணக்கில் ஆவி விடும். மேசைக்கும் படகுக்கும் அது பரவாயில்லை. முகத்தை மூடும் பொருளுக்கு ஆகாது. காடாத் துணியும் ஃபெவிகாலும் போதும்.

கடல்நுரை:
காசிமேட்டில் பைபர் படகு வேலை செய்பவன் நான். ரெசினை அலட்சியமாகத் தொடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துணியும் ஃபெவிகாலும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். வெள்ளைப் பசையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். தாள் தண்ணீரைக் குடித்தால் இழை உப்பும், காயும்போது சுருங்கும். இடது கன்னம் உள்ளே வாங்கும், வலது கன்னம் வெளியே தள்ளும். பத்து இரவு உட்கார்ந்து ஒட்டிய பிள்ளைக்கு அது கோணிப்போனால் எவ்வளவு வலிக்கும்? ரெசினில் தண்ணீர் இல்லை. மடிப்பு எங்கே நிற்கிறதோ அங்கேயே இறுகும். இன்னொன்று, வியர்வை பட்டால் வெள்ளைப் பசை மறுபடி இளகும். ஐப்பசி மழையில் அது காய்வதே பெரும்பாடு.

முகமூடிக்காரி:
கடல்நுரை அண்ணன் சொல்வதைப் பார்த்தால் பசையும் தாளும் ஆடுகளத்துக்கே லாயக்கில்லை என்றாகிறது. மேற்கு வங்கத்தில் புருலியா மாவட்டத்துச் சாரிடா கிராமத்தில் சௌ நடனத்துக்கான முகமூடிகளைச் செய்வது காகிதத்தால்தான். களிமண் அச்சின்மேல் சாம்பல் தூவி, பசையில் நனைத்த தாளை எட்டுப் பத்து அடுக்காக ஒட்டி, மேலே களிமண்ணும் துணியும் பூசி மெருகேற்றுகிறார்கள். அதை அணிந்துகொண்டு ஆட்டக்காரர்கள் துள்ளிக் குதித்துக் கரணம் போடுகிறார்கள். 2018இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சாமுராய்களின் விசித்திர வடிவத் தலைக்கவசங்களிலும் பல, காகிதமும் அரக்குப் பூச்சும் கொண்டு எழுப்பப்பட்டவை. போர்க்களத்துக்கே போனவை!

கடல்நுரை:
தங்கச்சி, நல்ல உதாரணங்கள். இரண்டிலும் காகிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாரிடாவில் காயும்வரை களிமண் அச்சு உள்ளே நிற்கிறது. அதனால் தாளால் நகர முடியாது. ஜப்பானியக் கவசத்தில் காகிதத்துக்கு அடியில் இரும்புக் கிண்ணம் இருக்கிறது. பெப்பகுராவில் உள்ளே வெறும் காற்று. ஈரமான தாளைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பிள்ளைகளைப் பசைப் பக்கம் அனுப்பினால் கோணல் கவசங்கள்தான் குவியும்.

மடிப்புவரை:
இது சரியான கேள்வி. அப்படியானால் உள்ளே ஆதாரம் கொடுப்போம். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு அட்டைச் சட்டங்களைக் குறுக்கே ஒட்டுங்கள். கழுத்து வாயில் தடித்த அட்டை வளையம் ஒன்று வையுங்கள். அதன்பின் நேரே ஃபெவிகாலுக்குப் போகாதீர்கள். மரச்சாமான் மெருகுக்குப் பயன்படும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, உள்ளும் புறமும் மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத இடத்தில். ஸ்பிரிட் சீக்கிரம் பறந்துவிடும். அரக்கு தாளின் துளைகளை அடைக்கும். பிறகு உள்ளே காடாத் துணிப் பட்டைகள், ஒரு நேரத்தில் ஓர் அடுக்கு மட்டும், மின்விசிறியின் கீழ். கடைசியில் உட்புறம் வார்னிஷ் அடித்தால் வியர்வை பசையை எட்டாது. அவசரப்பட்டு மூன்று அடுக்கை ஒரே மாலையில் ஒட்டுபவர்களின் கவசம்தான் கோணும்.

இரண்டாமாண்டு:
எனக்கு அவ்வளவு நாள் இல்லை, அண்ணா. விழா நெருங்கிவிட்டது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு பால்கனியில் ரெசின் பூசினால் ஆபத்தா? கடையில் ரெசினோடு இரண்டு சிறு புட்டிகள் கொடுத்தார்கள். இரண்டையும் முதலில் ஒன்றாகக் கலக்க வேண்டுமா?

குடுவை:
தம்பி, அந்த இரண்டு புட்டிகளையும் ஒருபோதும் ஒன்றோடொன்று கலக்காதே. ஒன்று இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் முடுக்கி, மற்றது ரெசினை இறுகவைக்கும் எம்இகேபி என்னும் பெராக்சைடு. இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் சீறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே பெராக்சைடு, அதுவும் ரெசினின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். சென்னை வெயிலில் ஒரு சதவீதத்தை ஒட்டியே வை. கூட்டினால் கிண்ணத்திலேயே கொதித்து இறுகும். கண்ணாடி அணியாமல் புட்டியைத் திறக்காதே. ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

என்95 தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ், அதாவது ஆவியை உறிஞ்சும் வடிகட்டி, பொருத்திய முகக்கவசம் வேண்டும். காய்ந்த பைபரை உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசி வடிகட்டியும் சேர வேண்டும். இவை இல்லையென்றால் புட்டிகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. ஆசிரியராகச் சொல்கிறேன்: விழா அடுத்த ஆண்டும் வரும்.

கடல்நுரை:
குடுவை ஐயா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். தம்பி, உன் பால்கனியில் வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்: கவசத்தில் எங்கேயாவது தெர்மோகோல் வைத்திருந்தால் ரெசின் பட்டதும் கரைந்துவிடும்.

ஆனால் மடிப்புவரை ஐயா, உங்களோடு நான் இன்னும் உடன்படவில்லை. உருண்டையான மண்டைப்பகுதிக்கு அரக்கும் துணியும் சரிவரலாம். நீண்ட கொம்புக்கும், கண் திறப்பைச் சுற்றி வரும் மெல்லிய விளிம்புக்கும் என்ன செய்வீர்கள்?

மடிப்புவரை:
கொம்பு ஒட்டும் முன்பே உள்ளே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிடலாம். கண் விளிம்புக்கு மெல்லிய கம்பியை மடிப்புக்குள் ஒளித்து, மேலே துணி.

கடல்நுரை:
சிம்பு கொம்பைத் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். கம்பி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் யாராவது முட்டினால் அது கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டு வரும். அந்த ஒரு விளிம்பை மட்டும் கவசத்தில் ஒட்டும் முன்பே தனியாக எடுத்துப் பட்டறையில் பைபர் அடித்து, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, நாற்றம் முழுவதும் போன பிறகு பொருத்துங்கள் என்பேன்.