இதயம் நின்று மீண்டவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

வணக்கம். சென்ற ஐப்பசியில் மெரினாவில் காலை நடையின்போது அப்பா பேச்சுமூச்சின்றிச் சரிந்தார். முன்பின் அறியாத ஓர் இளைஞர், 108 வண்டி வரும்வரை விடாமல் நெஞ்சை அழுத்தினார். அந்தப் பிள்ளை யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

உறவினர்கள் மாரடைப்பு என்றே சொல்கிறார்கள்; திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். அப்பாவுக்கு ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. மின்துடிப்பு தாறுமாறாகி இதயமே நின்றுபோனது. இப்போது தோளுக்குக் கீழே, துடிப்பு மீண்டும் தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி (ICD) கருவி வைத்திருக்கிறார்கள்.

இதயம் தேறிவிட்டது. ஆனால் சில நிமிடங்கள் மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் நினைவு தடுமாறுகிறது. 1985இல் வாங்கிய சைக்கிளின் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்கிறார். காலையில் மாத்திரை விழுங்கினாரா என்பது தெரியவில்லை. கருவி எந்த நேரம் அதிர்ச்சி கொடுக்குமோ என்று தனியாகக் குளிக்கவும் அஞ்சுகிறார். வீட்டுக்கு அனுப்பியபோது இதைப் பற்றி யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் நினைவாற்றல் பயிற்சி தருபவர்களைத் தெரியுமா? கருவியின் பேட்டரி தீர்ந்து மாற்றியவர்கள் உண்டா, எவ்வளவு செலவானது? இப்படி மீண்டு பத்து ஆண்டு கடந்தவர் எவரேனும் அப்பாவிடம் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் பெரிய உதவி. நான் சொன்னால் அவர் நம்புவதில்லை.

கை வைத்தியம் சொல்ல வருபவர்கள் பொறுத்தருள்க. அத்தைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.