ரெகே பிரியரின் கொல்லைத் தோட்டம்: டெல்டா மண்ணில் எவற்றை நடலாம்?

கேள்வி: திருவையாற்று வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்தே ரெகே இசை கேட்டு வருகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு தோட்ட வேலையும் அதே அளவுக்குப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கொல்லை இருக்கிறது. இரண்டு விருப்பங்களையும் அங்கே ஒன்றுசேர்க்க வேண்டும் என்று சொன்னபோது, தொட்டிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை பூசிச் சுவரில் ரெகே பாடகர் பாப் மார்லியை வரைந்துவிடலாம் என்று பிள்ளைகள் யோசனை கூறினார்கள். அது வெறும் அலங்காரமாகவே நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இசை பிறந்த கரீபியன் தீவான ஜமைக்காவில் மக்கள் பயிரிட்டு உண்பவற்றில் சிலவற்றையாவது இங்கே வளர்க்க விரும்புகிறேன். எங்களுடையது களிமண், ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும். எவை தாங்கும்? பாட்டு ஒலித்தால் செடிகள் செழிக்கும் என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

மறுமொழி: கும்பகோணத்து வாசகர்

ஐயா, நீங்கள் தேடுபவற்றில் பாதிக்கு மேல் நம் கொல்லைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஜமைக்காவில் வெங்காயம், தக்காளியோடு வதக்கிக் காலையில் உண்ணும் கலலூ, நம்மூரில் யாரும் விதைக்காமலே வேலியோரம் முளைக்கும் குப்பைக்கீரைதான். அரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்த்து அவர்கள் சமைக்கும் கங்கோ என்பது நம் துவரை. கிறிஸ்துமஸ் சமயத்தில் இஞ்சி சேர்த்து ஊறவைத்துக் குடிக்கும் செந்நிறப் பானம், புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் சிவந்த புல்லிதழ்களிலிருந்து வருகிறது. நம் பக்கத்திலிருந்தும் அங்கே போனவை உண்டு: 1782-இல் ஆங்கிலேயக் கடற்படை பிடித்த பிரெஞ்சுக் கப்பலில் இருந்த மாங்கன்றுகள் ஜமைக்காவில் இறக்கப்பட்டன, 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களால் ஆட்டுக்கறிக் குழம்பு அந்நாட்டு விருந்துகளில் இடம்பிடித்தது.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது பருவம். துவரையும் அந்தச் சிவப்புப் புளிச்சையும் பகல் பொழுது குறையும்போது பூக்கும் பயிர்கள். ஜமைக்காவும் நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால், அங்கே ஆண்டு இறுதியில் விளைபவை, ஆடிப் பட்டத்தில் விதைத்தால் இங்கேயும் மார்கழியை ஒட்டிக் கைக்கு வந்துவிடும். துவரையில் நீண்ட கால நாட்டு வகையையே கேட்டு வாங்குங்கள். குறுகிய கால வகைகள் பகலின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டுக்கும் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதால், ஒன்றரை அடிக்காவது மேட்டுப்பாத்தி எடுத்து, மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து, வடிகால் வெட்டிய பிறகே விதையைத் தொடுங்கள். அவர்கள் சமையலில் சேர்க்கும், காரம் மிகுந்த ஸ்காட்ச் பானெட் மிளகாயைத் தொட்டியில் வைத்தால் அடைமழைக்குத் தாழ்வாரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். இடமிருந்தால் ஒரு கறிப்பலாக் கன்றும் நடலாம். அடிமைகளுக்கு மலிவான உணவாக 1793-இல் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. அந்நாட்டின் தேசியப் பழமான ஆக்கி மட்டும் வேண்டாம். தானாக வெடித்துத் திறக்கும் முன் பறித்து உண்டால் உயிருக்கே ஆபத்து.

மறுமொழி: மயிலாடுதுறை வாசகர்

மூன்று சென்டில் கறிப்பலாவா? அது அறுபது அடி வரை உயர்ந்து கொல்லை முழுவதையும் நிழலாக்கிவிடும். அதைத் தவிர முன்னவர் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன்.

இசையைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த டி. சி. சிங் 1950-களில் செடிகளுக்குக் கர்நாடக இசையை ஒலிக்கச் செய்து, அவை நன்றாக வளர்ந்ததாக அறிவித்தார். ஒளி, நீர், வெப்பம் எல்லாவற்றையும் சமமாக வைத்து ஒப்பிடுவது இத்தகைய சோதனைகளில் மிகவும் கடினம் என்பதால், அதை நம்பி உரத்தைக் குறைக்க வேண்டாம். பலன் தோட்டக்காரருக்குத்தான். ரெகேயின் ஒன் டிராப் தாளத்தில் முதல் தட்டு காலியாக விடப்பட்டு, மூன்றாம் தட்டில் பெரிய முரசும் சிறு முரசும் சேர்ந்து விழும். இரண்டாம், நான்காம் தட்டுகளில் கிட்டார் வெட்டி ஒலிக்க, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் பாட்டை நடத்திச் செல்லும். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், அழுத்தம் விழும் என்று காத்திருந்து பழகிய நம் செவிக்கு அந்த வெற்றிடம் முதலில் உறுத்தலாம் (தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பில் பழகியவர்களுக்கு அவ்வளவு உறுத்தாது). அந்த நிதானம் குந்தி உட்கார்ந்து களையெடுக்கும் கைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அவசரப்படுத்தும் பாட்டைக் கேட்டுக்கொண்டு களையெடுத்தால் வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.

கைப்பேசியில் மட்டும் ஒலிக்கவிடாதீர்கள். பேஸ் கேட்காவிட்டால் ரெகேயில் பாதி இல்லை. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இந்த இசையை வளர்த்தவையே திறந்த வெளியில் அடுக்கிய பெரிய ஒலிபெருக்கிகள்தாம். சிறிய பெட்டியானாலும் சுவர் மூலையை ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும், ஒலியளவைக் கூட்டி அண்டை வீட்டாரைச் சோதிக்க வேண்டியிராது.

மறுமொழி: நாகப்பட்டினத்து வாசகர்

ரெகேயோடு நெருங்கிய தொடர்புள்ள ஜமைக்கா சமய நெறியான ராஸ்தஃபாரியைப் பின்பற்றுவோர் புனிதமாகக் கருதும் செடியை யாரேனும் வேடிக்கையாகக்கூட உங்களுக்குப் பரிந்துரைக்கலாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமமின்றி ஒரு கஞ்சாச் செடி வளர்த்தாலும் குற்றம். அதே நெறியினர் உப்பும் பதப்படுத்திய பொருள்களும் தவிர்த்துச் சமைக்கும் இட்டல் உணவுக்கு வேண்டிய சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, பூசணி ஆகியவற்றைத் தாராளமாக நடலாம். சேம்புக்கு ஈரம் பிடிக்கும் என்பதால், உங்கள் கொல்லையில் தண்ணீர் தேங்கும் மூலையையே அதற்குக் கொடுத்துவிடலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. கறிப்பலாவைக் கைவிட்டேன், சேம்புக்கு மூலை தயாராக இருக்கிறது. ஒரு சந்தேகம்: எங்கள் வீட்டில் குண்டு மிளகாயும் இருக்கிறது. ஸ்காட்ச் பானெட்டை அதன் அருகில் வைக்கலாமா?

மறுமொழி: கும்பகோணத்து வாசகர்

காய்க்காக மட்டும் என்றால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பதாக இருந்தால் கவனம் தேவை. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றாலும் தேனீக்கள் வழியாகக் கலப்பு நேரலாம். நல்ல கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மொட்டு விரியும் முன் மெல்லிய துணிப்பை கட்டி, உள்ளே பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்துக் காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். அந்தக் காய் செடியிலேயே முழுதாகப் பழுத்த பின் விதை எடுத்து, நிழலில் உலர்த்துங்கள்.