மறு: விளையாட்டு மைதான லைற் காசு

அன்புள்ள ஊரவருக்கு,

ஊர் மைதானத்துக்கு லைற் போட ஆளுக்கு 250 டொலர் எண்டு செயலாளர் போட்ட மடலுக்கு உடனை பதில் எழுதேல்லை. ஆவணியிலை ஊரிலை நிண்டனான், பெரியம்மாவின்ரை செத்தவீடு. பந்தல் போட்டது பக்கத்து ஊர்க் கூலிக்காரர். கதிரை வாடகை. கழகப் பெடியள் ஒருத்தரையும் காணேல்லை. 1982இலை அப்பு செத்த இரவு தடி தறிச்சு, கிடுகு காவி, விடிய முன்னம் பந்தல் போட்டு முடிச்சது ஆர்? பின்னேரம் கரப்பந்து விளையாடின அதே 12 பேர். ஒருத்தரும் போய்க் கூப்பிடேல்லை.

அப்ப எங்களிட்டை இருந்தது பனங்குத்தி ரெண்டும் பழைய மீன்வலை ஒண்டும். பந்துக்குக் காத்தடிக்கிற ஊசி ஊருக்கே ஒண்டுதான். சைக்கிள் கடை அண்ணையின்ரை லாச்சிக்குள்ளை கிடக்கும். அவரோடை கோவமெண்டாலும் நாலரைக்கு அவற்றை வாசலிலை போய் நிக்கத்தான் வேணும். கோடு போடச் சுண்ணாம்பு ஒரு வீடு, மாட்ச் நாளிலை தேத்தண்ணி இன்னொரு வீடு. இப்ப எல்லாத்துக்கும் எங்கடை காசு போகுது. ஆளுக்கு ஆள் தேவையில்லை. சனம் இருந்து மாட்ச் பாக்கக் கட்டிக் குடுத்த கலரியிலை ஆடு படுத்திருக்கு.

மகளின்ரை பாடத்திலை றொபேட் புட்னம் எண்டொரு அமெரிக்கப் பேராசிரியர் வாறார். 1970இலை இத்தாலியிலை தொடங்கின மாகாண அரசுகளை வருசக்கணக்காய்ப் பாத்தவராம். பாட்டுக்குழுவும் உதைபந்தாட்டக் கழகமும் நிறைஞ்ச வடக்குப் பக்கத்திலைதான் நிர்வாகமும் ஒழுங்காய் நடந்ததாம். அமெரிக்காவிலை 1980க்கும் 1993க்கும் இடையிலை பௌலிங், அதுதான் குண்டு உருட்டிக் கட்டையளை விழுத்திற விளையாட்டு, விளையாடப் போற ஆக்கள் 10 வீதம் கூடிச்சினமாம். ஆனால் கழகமாய்ச் சேர்ந்து விளையாடுறது 40 வீதம் குறைஞ்சு போச்சாம். எனக்கு எங்கடை கலரிதான் ஞாபகம் வந்தது. லைற் போட்டால் இரவிலையும் ஆடு வடிவாய்த் தெரியும்.

பெரியவளவு, ரொறன்ரோ

⁂

பெரியவளவு அண்ணைக்கு வணக்கம்.

பேராசிரியரை விடுங்கோ. கலரிக்குக் குடுத்த 18 இலட்சத்திலை சீமெந்து வவுச்சர் மூண்டு இன்னும் வரேல்லை. 2017இலை கேட்டனான், 2019இலையும் கேட்டனான். லைற்றுக்குக் கரண்ட் பில் மாதாமாதம் ஆர் கட்டுறது? அது எழுத்திலை வராமல் லண்டன் கிளை ஒரு பவுணும் தராது. அடுத்த ஊரிலை லைற் எரியுது, எங்களுக்கு மானக்கேடு எண்டு தலைவர் போனிலை ஒரு மணித்தியாலம் கதைச்சார். மானத்துக்கு மீற்றர் ஓடாது, லைற்றுக்கு ஓடும்.

பொருளாளர், லண்டன் கிளை

⁂

அண்ணைமாருக்கு,

12 பேர் எண்டு எழுதினீங்கள். அதிலை ஒழுங்கைக்கு அங்காலை ஆள் எத்தினை? ஒருத்தரும் இல்லை. பந்து வேலிக்கு வெளியிலை போனால் எடுத்துத் தாற வேலைதான் எங்களுக்கு. அதாலைதான் ஒரு ஊருக்கு ரெண்டு கழகம், பேப்பர் வாசிக்க ரெண்டு சனசமூக நிலையம். உங்கடை அப்புவின்ரை பந்தலுக்கு வந்த கிடுகைப் பின்னினது என்ரை அம்மா. அவவை நீங்கள் எண்ணேல்லை. நல்ல ஒற்றுமைதான், உள்ளுக்கை இருந்தவைக்கு.

1995 ஒக்ரோபர் கடைசியிலை, ஆமி வருகுதெண்டு, யாழ்ப்பாணத்திலை எங்கடை வலிகாமப் பக்கமே கிளம்பி ஓடினதே. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவிலை ரெண்டு பக்கத்துப் பெடியளும் ஒரே ரீம். வேறை வழியில்லை, ஆள் காணாது. சைக்கிள் கடை அண்ணை சாமானெல்லாம் விட்டிட்டு ஓடினவர், ஊசியை மட்டும் மடியிலை கட்டிக் கொண்டந்தவர். பின்னேரமானால் என்னட்டைத்தான் தருவார், "நீ அடி தம்பி" எண்டு. ஆறு மாதம் சோக்காய் விளையாடினம். 96இலை ஊருக்குத் திரும்பின கிழமையே பழையபடி ரெண்டு கழகம்.

லைற் எந்தக் கழகத்தின்ரை பக்கம் போடப் போறியள் எண்டு முதல்லை எழுதுங்கோ. 250 பிராங் அதுக்குப் பிறகு.

சின்னத்தம்பி, சூரிச்